கனடா பி.ஆர்: பவர் டூல்ஸை மூட்டை கட்டுறதா, வித்துட்டுப் போறதா?

தேக்கு | மதுரை

எல்லாருக்கும் வணக்கம். என் மனைவி நர்ஸ். அவங்க மூலமா குடும்பத்துக்கே கனடா பி.ஆர், அதாவது அங்க நிரந்தரமா தங்குற அனுமதி, வந்திருக்கு. ஒன்டாரியோ, பிராம்ப்டன்ல சொந்தக்காரர் வீட்டுல இறங்குறோம். நான் தச்சு வேலை. ஆரம்பத்துல கதவு, ஜன்னல், இப்போ பெரும்பாலும் மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும்.

பட்டறையில இருக்கிறது: 4 இஞ்ச் கிரைண்டர், பிளைவுட் அறுக்கிற மார்பிள் கட்டர், 7 இஞ்ச் சர்க்குலர் சா, டிரிம்மர், அரை இஞ்ச் ரூட்டர், ஜிக்ஸா, ஹேமர் டிரில். இதெல்லாம் வயர் மெஷின். பேட்டரியில 18 வோல்ட் டிரில் ரெண்டு, இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு. அப்புறம் அப்பா காலத்து இழைப்புளி, உளி செட்டு, மூலைமட்டம், ரசமட்டம்.

ஆளுக்கு 23 கிலோவில ரெண்டு பெட்டி. எல்லாத்தையும் வித்துடுங்கிறான் மச்சான். பழைய மெஷினுக்கு இங்க என்ன விலை கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அங்க போய் டாலர்ல திரும்ப வாங்கணுமேன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது. அங்க வேலை பாக்குறவங்க சொல்லுங்க, எதை எடுக்கலாம், எதை விடலாம்?

பீக்அவர் | மிசிசாகா

நான் எலக்ட்ரீஷியன், அதனால கரன்ட் பக்கம் இருந்து சொல்றேன். கனடாவுல சாதாரண பிளக் பாயின்ட்ல வர்றது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்க வயர் மெஷின் எல்லாம் 230 வோல்ட்டுக்குச் சுத்தின காயில். பாதி வோல்ட்டேஜ்ல பாதி வேலையாவது செய்யும்னு கணக்குப் போடாதீங்க. வோல்ட்டேஜ் பாதியானா கரன்ட்டும் பாதியாகுது, அதனால பவர் கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்கிடும். கட்டர் சுத்தும், பலகையில வெச்சதும் நின்னுடும். ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு உள்ள ரூட்டர், ஜிக்ஸா சிலது அசையவே அசையாது. ஏர்போர்ட் கடையில விக்கிற அடாப்டர் பிளக்கோட காலை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டேஜை மாத்தாது.

60 ஹெர்ட்ஸை நினைச்சு பயம் வேண்டாம். கார்பன் பிரஷ் வெச்ச மோட்டாருக்கு 50ம் ஒண்ணுதான், 60ம் ஒண்ணுதான். பிரஷ் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டார், அதாவது பெஞ்ச் கிரைண்டர், பெரிய டேபிள் ரம்பம் மாதிரி, அதுதான் 60ல அஞ்சுல ஒரு பங்கு வேகமா ஓடும். அதை நீங்க எப்படியும் பெட்டியில போடப் போறதில்லை.

வயர் மெஷின் ஒண்ணு விடாம வித்துடுங்க.

நட்டுபோல்ட் | கோவை

எடுத்ததும் வித்துடுன்னு சொல்றது ரொம்ப ஈஸி சார். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு இருக்கு. 120ஐ 240 ஆக்கிக் குடுக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்கினா ஏழு மெஷினும் ஓடும். ஏழு மெஷினை அங்க புதுசா வாங்குற காசைப் பாருங்க. அதுவும் இல்லாம கனடா வீட்டுல துணி காயவைக்கிற டிரையருக்கு 240 வோல்ட் பாயின்ட் இருக்கு, அதுல நேரா சொருகலாம்னு என் ஃப்ரெண்டு சொன்னான்.

பீக்அவர் | மிசிசாகா

கோவைக்காரருக்கு. 240 இருக்கிறது உண்மை. ஆனா அது நம்மூர் 230 மாதிரி ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல் இல்லை. 120 வோல்ட் கம்பி ரெண்டு, ரெண்டுலயும் கரன்ட் இருக்கும். நம்மூர் மெஷின் சுவிட்ச்ல பலது ஒரு கம்பியைத்தான் அறுக்கும். ஆஃப் பண்ணி வெச்ச கட்டர்ல இன்னொரு கம்பி உயிரோட நிக்கும். பிளேடு மாத்தும்போது பிளக்கைப் பிடுங்காம மாத்துற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டுங்கிறதையும் சேர்த்து யோசிங்க. சைட்டுக்குப் போனா டிரையர் பாயின்ட்டும் கிடையாது.

டிரான்ஸ்ஃபார்மர் கதை: சாதாரண பாயின்ட்டுக்கு 15 ஆம்பியர் பிரேக்கர். 120ஆல பெருக்கினா 1800 வாட், அதுதான் உச்சம். கட்டர் மோட்டார் ஸ்டார்ட் ஆகுற நொடியில இழுக்கிற இழுப்புக்குப் பிரேக்கர் விழலாம். அதைத் தாங்குற சைஸ் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல எடை. அதைத் தூக்கிட்டு மூணாவது மாடி ஏறுவீங்களா?

எல்லாத்தையும் விட முக்கியம் முத்திரை. இங்க கரன்ட்ல சொருகுற எதுவா இருந்தாலும் சி.எஸ்.ஏ, சி.யு.எல் மாதிரி கனடா ஏத்துக்கிட்ட முத்திரை அதுல இருக்கணும். ஒன்டாரியோவுல மின்சாரப் பாதுகாப்பைப் பாக்குற அமைப்பு இ.எஸ்.ஏ, அவங்க சட்டம் அது. ஐ.எஸ்.ஐ முத்திரை இங்க செல்லாது. வயரும் பிளக்கும் புதுசா போட்டாலும் முத்திரை வந்துடாது.

சுழிபுரம் | ஸ்கார்பரோ

தம்பி, நான் இஞ்சை கிச்சன், பேஸ்மென்ட் ரெனோவேஷன் செய்யிறன். கரன்ட் கதையை அவர் சரியாச் சொல்லிப் போட்டார், அதை விடுவம். கரன்ட் ஒத்து வந்தாலும் உங்கட மெஷின் இஞ்சத்தைய வேலைக்குப் பொருந்தாது, அதைச் சொல்லுறன்.

உங்கட 4 இஞ்ச் கிரைண்டரை எடுங்கோ. தண்டு 10 மில்லிமீற்றர் மரை, டிஸ்க் ஓட்டை 16. இஞ்சை ஆக்கள் பிடிக்கிறது நாலரை அல்லது 5 இஞ்ச். தண்டு 5/8 இஞ்ச் மரை, டிஸ்க் ஓட்டை 7/8 இஞ்ச். பக்கத்துக் கடையிலை டிஸ்க் வாங்கினால் உங்கட மெஷினிலை ஏறாது. சர்க்குலர் சாவும் அப்பிடித்தான், இஞ்சை ஏழேகால் இஞ்ச் பிளேடுக்கு 5/8 இஞ்ச் ஓட்டை. மெஷினைக் கொண்டு வந்து போட்டு அதுக்கு பிளேடு தேடித் திரியிறது ஒரு வேலையோ?

அடுத்தது மார்பிள் கட்டர். ஊரிலை அதாலை பிளைவுட் அறுக்கிறது எனக்கும் தெரியும், கை பழகினவன் நூல் பிடிச்ச மாதிரி அறுப்பான். இஞ்சை அது டைல்ஸ்காரன்ரை சாமான். தச்சன் அதாலை மரம் அறுக்கிறதை ஃபோர்மன் கண்டால் அண்டைக்கே வீட்டை அனுப்புவார். கார்ட், அதாவது பிளேடை மறைக்கிற மூடி, கழட்டின கிரைண்டரிலை பல்லு பிளேடு போட்டு மரம் அறுக்கிறதும் அப்பிடித்தான். கை திறமையை அவை பாக்கமாட்டினம், கார்ட் இருக்கோ எண்டுதான் பாப்பினம். பிளைவுட், மெலமின் பலகைக்கு இஞ்சை ட்ராக் சா, டேபிள் சா. நீங்கள் அதிலைதான் கை பழக வேணும்.

உளியையும் இழைப்புளியையும் விட்டிட்டு வந்திடாதேங்கோ. தீட்டிப் பழகின உளி மாதிரி ஒண்டு கடையிலை கிடையாது. கதவு பிணைச்சல் இருத்தேக்கை எல்லாரும் ரூட்டர் ஜிக் தேடுவாங்கள், நீங்கள் ரெண்டு தட்டிலை முடிச்சிட்டு நிப்பியள். எனக்கு வேலை தந்த முதல் கிழவன், இத்தாலிக்காரன், என்ரை உளியின்ரை வாயை விரலாலை தடவிப் பாத்திட்டுத்தான் நாளைக்கு வா எண்டவன்.

தேக்கு | மதுரை

அண்ணே, ரொம்ப நன்றி. கார்ட் விஷயம் நல்லா உறைச்சிடுச்சு. சார், உங்களுக்கும். அப்போ வயர் மெஷினை விட்டுடறேன். பேட்டரி டூல்ஸ்? அதுக்குக் கரன்ட் பிரச்சினை இல்லையே. பேட்டரியை ஃப்ளைட்ல விடுவாங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கார்கோ கணக்கு | மீனம்பாக்கம்

விமான நிலையத்துல பேக்கேஜ் பக்கம் வேலை பாக்குறேன். தினமும் இந்தப் பஞ்சாயத்துதான்.

தனியா கழட்டின லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டிக்குள்ள போகவே கூடாது. கைப்பையில மட்டும்தான். மெஷின் இதுக்கு நேர் எதிர்: டிரில், இம்பாக்ட், உளி, ரம்பம், பிட் எல்லாம் செக்-இன்ல போகணும், கைப்பையில எடுத்தா செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்க. இதைத் தலைகீழா அடுக்கிட்டு வந்து கவுன்டர்ல பெட்டியைப் பிரிச்சுப் போட்டு வேர்க்க விறுவிறுக்க மாத்துறவங்க ஏராளம்.

பேட்டரிக்கு அளவு வாட்-ஹவர்ல. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால பெருக்கணும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர்னா 72. 5னா 90. 100 வரைக்கும் முன்அனுமதி தேவையில்லை. 6 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 108 வரும். 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன் கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ஆளுக்கு ரெண்டு ஸ்பேர்தான். 160க்கு மேல பயணி கொண்டு போகவே முடியாது. எத்தனை பேட்டரிங்கிறதுல ஒவ்வொரு ஏர்லைனும் தனியா கட்டுப்பாடு வெச்சிருக்கும், டிக்கெட் போட்ட கம்பெனி விதியை எடுத்துப் படிச்சுடுங்க. பித்தளை முனைகள் மேல டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போடுங்க.

பேட்டரி மேல வாட்-ஹவர், இல்லேன்னா வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும், தெளிவா அச்சாகி இருக்கணும். சந்தையில 48, 88, 128னு பெரிய நம்பர் ஒட்டி விக்கிறானே, உள்ள பிரிச்சா பல தடவை அஞ்சு செல்தான் இருக்கும். ஆனா ஸ்கேனர் முன்னாடி நிக்கிறவர் ஸ்டிக்கரைத்தான் படிப்பார். 128 வோல்ட்னு எழுதின பேட்டரியை அவர் பெருக்கிப் பார்த்தா நீங்க விட்டுட்டுத்தான் போகணும்.

ஸ்பிரே டப்பா, ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி ரப்பர் பசை, தின்னர், நெயில் கன் கேஸ் எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஊத்தின மெஷினைத் துடைச்சுக் காயவெச்சாலும் வாசனை காட்டிக் குடுத்துடும்.

பீக்அவர் | மிசிசாகா

பேட்டரியில எந்தக் கம்பெனி, எந்த வரிசைன்னு பாக்காம எடுக்காதீங்க. மக்கிட்டாவுல எல்எக்ஸ்டி 18 வோல்ட்னா இங்கேயும் அதே பேட்டரிதான், இங்கேயே பேட்டரி வாங்கிக்கலாம். ஆனா நம்மூர்ல மலிவா விக்கிற ஜி வரிசை 18 வோல்ட் வேற. அது எல்எக்ஸ்டி மெஷின்லயும் ஏறாது, சார்ஜர்லயும் உக்காராது. பேட்டரி நம்பர் கடைசியில ஜி எழுத்து இருக்கான்னு பாருங்க. பாஷ் நீல நிற 18 வோல்ட் இங்கேயும் உண்டு. டிவால்ட்ல 18 வோல்ட் எக்ஸ்ஆரும் இங்க விக்கிற 20 வோல்ட் மேக்ஸும் ஒரே பேட்டரிக்கு ரெண்டு பேரு: அஞ்சு செல், ஓடும்போது ஒவ்வொண்ணும் 3.6, முழுசா சார்ஜ் ஏறினதும் 4 சொச்சம்.

எந்தக் கம்பெனியா இருந்தாலும் சார்ஜரை விட்டுட்டு வாங்க. நம்மூர் சார்ஜர் 220-240க்கு. 120க்கானதை இங்க வாங்கிக்கலாம். வாரண்டி பொதுவா வாங்கின நாட்டோட முடிஞ்சுடும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

ஜுரோங்வெஸ்ட் | சிங்கப்பூர்

எதுக்கு இவ்வளவு யோசனை? ஒண்ணும் எடுக்காதீங்க. நான் இங்க சைட்ல இருக்கேன். டூல்ஸ் எல்லாம் கம்பெனி ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்குறது, சாயங்காலம் திருப்பிக் குடுக்கிறது. வீட்டுல 230 வோல்ட்னாலும் சைட்ல கை மெஷினுக்கு 110 வோல்ட், மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர். ஷாக் அடிச்சாலும் உயிர் போகக் கூடாதுன்னு அப்படி. ஊர்ல இருந்து எடுத்து வந்த மெஷினை உள்ளேயே விடமாட்டான். துபாய், தோஹா போன நம்ம பசங்களும் வெறுங்கையோடதான் போனாங்க.

சுழிபுரம் | ஸ்கார்பரோ

சிங்கப்பூர்த் தம்பி சொல்லுறது ஒப்பந்தத்திலை போற வேலைக்குச் சரி. கனடாவிலை தச்சன் எண்டால் கைச்சாமான் அவன்ரை சொந்தம். ஃப்ரேமிங், அதாவது வீட்டுக்கு மரச்சட்டம் கட்டுற வேலைக்கு முதல் நாளே சுத்தியல், 25 அடி டேப், ஸ்பீட் ஸ்குவயர், சுண்ணாம்பு நூல், கத்தி, உளி, ஆணி பிடுங்கி, இடுப்பிலை கட்டுற பை, இவ்வளவும் இருக்கோ எண்டு கேப்பாங்கள். நெயில் கன், கம்ப்ரஸர், டேபிள் சா கம்பெனி தரும். கிச்சன் பூட்டுற வேலை எண்டால் டிரில், இம்பாக்ட், டிரிம்மர், லேசர் லெவல் உங்கட. காபினெட் செய்யிற ஃபக்டரி எண்டால் சா, எட்ஜ் பாண்டர் எல்லாம் அவையின்ரை, கையை வீசிக்கொண்டு போகலாம். மதுரைத் தம்பிக்கு ஃபக்டரிதான் தொடக்கத்துக்கு நல்லம் எண்டு நினைக்கிறன். பனிக்காலத்திலை வந்து இறங்கிறவர் வெளியிலை ஃப்ரேமிங் செய்து பழகக் கூடாது.

நட்டுபோல்ட் | கோவை

சரி, வயர் மெஷின் விஷயத்துல ஒத்துக்கறேன். பேட்டரி டூல்ஸும் கைச்சாமானும் எடுத்துட்டுப் போனா கஸ்டம்ஸ்ல செட்லர் சாமான், அதாவது குடியேற வர்றவங்க சாமான்னு வரி கிடையாதே? ஹாபி டூல்ஸ்னு லிஸ்ட்ல எழுதிட்டா கேள்வியே வராது.

லேண்டிங்பேப்பர் | வாட்டர்லூ

அப்படி எழுத வேண்டாம், தயவுசெஞ்சு. முதல் தடவை நிரந்தரவாசியா இறங்கும்போது கொண்டு போற சாமானுக்கு பிஎஸ்எஃப்186னு ஒரு படிவம். கூட வர்ற சாமானுக்கு ஒரு பட்டியல், பின்னாடி வரப்போறதுக்கு இன்னொரு பட்டியல். பின்னாடி அனுப்பப் போற உளி செட்டை முதல் நாள் பட்டியல்ல எழுதாம விட்டா, அப்புறம் அதுக்கு இந்தச் சலுகையைக் கேக்குறது கஷ்டம். மேக், மாடல், சீரியல் நம்பர், மதிப்பு எல்லாம் எழுதுங்க. வர்றதுக்கு முன்னாடியே உங்க கையில இருந்து, நீங்க பயன்படுத்தின சாமானா இருக்கணும். கிளம்புற வாரம் வாங்கி சீல் பிரிக்காம கொண்டு வர்றது இந்தக் கணக்குல வராது.

ஹாபி டூல்ஸுக்கு வரி விலக்கு இருக்கிறது நிஜம். ஆனா அதே கஸ்டம்ஸ் வெப்சைட் பக்கத்துல, கட்டுமானத்துக்கோ கான்ட்ராக்ட் வேலைக்கோ பயன்படுத்தப் போற கருவிக்கு இந்த விலக்கு இல்லைன்னும் போட்டிருக்கு. நீங்க தச்சர்னு உங்க பி.ஆர் பேப்பர்லயே இருக்கலாம். ரெண்டு டிரில்லையும் ஒரு உளி செட்டையும் பாத்துட்டு ஆபீசர் என்ன சொல்வார்ங்கிறது அவர் முடிவு. வேலை என்னன்னு கேட்டா தச்சு வேலைன்னு சொல்லுங்க. வரி போட்டா, பழைய டிரில்லோட மதிப்புக்கு என்ன பெருசா வந்துடும்? கட்டிட்டு ரசீதை வாங்கிக்கோங்க. பொய் எழுதி மாட்டினா சாமானைப் பறிக்கலாம், அபராதம் போடலாம். அதுவும் நாட்டுக்குள்ள கால் வைக்கிற அன்னைக்கே. வரியில்லாம வந்த சாமானை 12 மாசத்துக்குள்ள வித்தா அப்புறமும் வரி உண்டு. மார்க்கெட்பிளேஸ்ல வித்து லாபம் பாக்கலாம்னு யாராவது நினைச்சா அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இன்னொரு கணக்கு. சம்பளத்துக்கு வேலை பாக்குற தச்சர் வேலைக்காகப் புதுசா டூல் வாங்கினா, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல போற செலவை வருமான வரியில கழிக்கலாம். 2023ல இருந்து உச்சவரம்பு 1000 டாலர், முன்னாடி 500 இருந்தது. முதலாளி டி2200 படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும். ஊர்ல இருந்து கொண்டு வந்த பழைய டூலுக்கு இது கிடைக்காது.

தேக்கு | மதுரை

இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதினதுக்கு ரொம்ப நன்றி. என் டிரில் ஒண்ணு ஜி வரிசைதான், பாத்துட்டேன். அதைத் தம்பிக்குக் குடுத்துடறேன். இன்னொண்ணும் இம்பாக்டும் எல்எக்ஸ்டி, அது வருது. இழைப்புளியும் உளியும் முதல் பெட்டியிலேயே போயாச்சு.

சுழிபுரம் அண்ணே, ஒரு சந்தேகம். ரூட்டர் பிட் நிறைய சேத்து வெச்சிருக்கேன், அதுல எதை எடுக்க? எடை கம்மிதான்.

சுழிபுரம் | ஸ்கார்பரோ

தண்டை அளந்து பாருங்கோ. கால் இஞ்ச், அரை இஞ்ச் எண்டால் கொண்டு வாங்கோ, இஞ்சத்தைய ரூட்டர் எல்லாம் அந்த ரெண்டும்தான். 6 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் தண்டு எண்டால் விட்டிடுங்கோ. கால் இஞ்ச் கொலட்டிலை, அதாவது ரூட்டர் பிட்டைப் பிடிக்கிற வாயிலை, 6 மில்லி ஏறும், ஆனால் இறுகாது. சுத்தேக்கை கழண்டு பறந்தால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஹேமர் டிரில்லுக்கு எஸ்.டி.எஸ் பிளஸ் பிட் இருந்தால் அது உலகம் முழுக்க ஒண்டு.

ஸ்டார் பிட் மூட்டையைக் கட்டாதேங்கோ. இஞ்சை திருகாணித் தலையிலை சதுரக் குழி. ராபர்ட்சன் எண்டு ஒரு கனடாக்காரன் 1908 அளவிலை கொண்டு வந்தது, ஒன்டாரியோ மில்டனிலை ஃபக்டரி வைச்சிருந்தவன். பச்சை, சிவப்பு, கறுப்பு எண்டு நிறத்திலை சைஸ். சிவப்புத்தான் நெடுகத் தேவைப்படும். ஒரு கையாலை திருகாணியைப் பிட்டிலை குத்தி வைச்சால் விழாது, ரெண்டு நாளிலை உங்களுக்கு ஸ்டாரைப் பாத்தாலே எரிச்சல் வரும்.

ஊரிலை சேஃப்டி சூ வாங்கிக்கொண்டு வராதேங்கோ. இஞ்சை சைட்டிலை சப்பாத்திலை பச்சை முக்கோணம், சி.எஸ்.ஏ அடையாளம், அதைப் பாத்துத்தான் உள்ளை விடுவாங்கள். ஒன்டாரியோவிலை உயரத்திலை வேலை செய்யிறதுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம், மூண்டு வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேணும். வந்த உடனை அதை எடுங்கோ, பிறகு வேலை கேக்கப் போங்கோ.

வேலை செய்த இடங்களிலை அனுபவக் கடிதம் லெட்டர்ஹெட்டிலை வாங்கி வாங்கோ, என்ன வேலை, எத்தினை வருசம் எண்டு விவரமா. தச்சு வேலைக்கு ஒன்டாரியோவிலை லைசன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் பிறகு ரெட் சீல் எண்ட, கனடா முழுக்கச் செல்லுற தொழில் தகுதிச் சோதனை எழுத நினைச்சால், இஞ்சத்தைய தொழில் தகுதியைப் பாக்கிற அமைப்பு ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்டாரியோ அந்தக் கடிதத்தைத்தான் கேக்கும். ஊரை விட்டு வந்தாப் பிறகு பழைய முதலாளியைப் பிடிக்கிறது லேசில்லை.

வேப்பங்கிளை | திருச்சி

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். எனக்கு ஆஸ்திரேலியா, பெர்த். அங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானே? அப்போ வயர் மெஷினையே எடுத்துட்டுப் போகலாமா? நானும் தச்சு வேலைதான்.

பெர்த்வெயில் | ஆர்மடேல்

ஓடும். ஆனா பிளக் வேற, இங்க சாய்ஞ்ச காலு. சைட்டுக்குக் கொண்டு போற எந்த வயர் மெஷினுக்கும் டெஸ்ட் அண்ட் டேக், அதாவது மின்சாரப் பாதுகாப்புச் சோதனை பண்ணி, வயர்ல கலர் சீட்டு கட்டியிருக்கணும். கட்டுமான சைட்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இந்திய பிளக்கை அறுத்துட்டு வேற பிளக் போட்ட, இங்கத்திய ஆர்.சி.எம் முத்திரை இல்லாத மெஷினுக்கு சீட்டு கட்ட டெஸ்ட் பண்றவர் பலர் யோசிப்பாங்க. வீட்டு ஷெட்ல வெச்சு ஓட்டலாம், சைட்டுக்கு அதை நம்பாதீங்க.

உங்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி பயோசெக்யூரிட்டி, அதாவது வெளிநாட்டுப் பூச்சி, நோய் உள்ள வராம தடுக்கிற சோதனை. மண்ணு, மரத்தூள், விதை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இறங்கும்போது குடுக்கிற கார்டுல மரச்சாமான் இருக்கு, மண் பட்ட சாமான் இருக்குன்னு மறைக்காம டிக் பண்ணுங்க. டிக் பண்ணிக் காட்டினா பெரும்பாலும் பாத்துட்டு விட்டுடுவாங்க. மறைச்சு மாட்டினா அங்கேயே அபராதம். மரக்கட்டை இழைப்புளி, உளிப்பிடியில பூச்சி ஓட்டை ஒண்ணு இருந்தாக்கூட அதை இங்கேயே வெச்சுக்குவாங்க, அதனால அதை முதல்ல வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. பிளானர், ஜிக்ஸாவை மேல துடைச்சா மட்டும் பத்தாது. மோட்டார் காத்து வர்ற ஓட்டை, தூள் வெளியே தள்ளுற குழாய், பேஸ் பிளேட்டுக்கு அடியில, எல்லாத்தையும் கழட்டி புளோயர் வெச்சு ஊதிட்டுப் பெட்டியில போடுங்க. பெட்டிக்குள்ள அட்டை வைங்க, வைக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம்.